தவணை கேட்ட சமரசங்கள்



அமெரிக்காவில் 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. அடிமைமுறை பற்றி அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் சமரசம் பேசினர். அச்சமரசங்கள் ஏன் தோற்றன?

1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெயினைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்க்க இணங்கினர். மேற்குப் பிரதேசத்தின் குறுக்கே கோடு கிழித்து, மிசூரி நீங்கலாக, அதற்கு வடக்கே அடிமைமுறை ஆகாது என்றனர். 1850இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்தொப்படைக்கும் கடுஞ்சட்டம் பிறந்தது. பிடிபட்டவன் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. அவனை எசமானிடம் திருப்பியனுப்பும் ஆணையாளருக்குப் பத்து டொலர். விடுவித்தால் ஐந்து டொலர்! இதையும் சமாதானம் என்றே அழைத்தனர்.

1854இல் கன்சாஸ்–நெபிராஸ்கா சட்டம் அந்தப் பழைய எல்லைக்கோட்டினையே அழித்தது. கன்சாஸில் குருதி சிந்திற்று. 1857இல் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் அந்நாட்டுப் பிரசைகளாகார் எனத் தீர்த்தது. 1860 டிசம்பரில் செனற்றர் கிரிற்றென்டன் கொணர்ந்த திட்டமோ, அடிமைமுறைக்கு என்றுமே மாற்றவொண்ணாத அரசியலமைப்புக் காப்பை வேண்டிற்று. அதுவும் தோற்றது.

இப்பேச்சுக்களில் வடக்கும் இருந்தது, தெற்கும் இருந்தது. அடிமைப்பட்டுக் கிடந்த ஏறக்குறைய நாற்பது இலட்சம் மக்களில் ஒருவருக்கேனும் ஆசனமில்லை. அநீதிக்குள்ளானோரைப் புறத்தே நிறுத்திச் செய்யும் உடன்பாடு தீர்வன்று; தவணையே. தவணை நீள வட்டி ஏறும் என்பதை உழவர் அறிவர். அவ்வட்டியை அமெரிக்கா நான்காண்டுகள் குருதியாற் செலுத்திய பின்னரே, 1865இல், அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.