பசித்தவரிடம் பசியை விளக்குவதா?



ஏழ்மையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். மக்கள் கேட்கின்றனர், கைதட்டுகின்றனர், கலைந்து செல்கின்றனர். கைதட்டியவரிற் பெரும்பாலோர் நம்மவர். அவர்தம் வாக்கு முன்பே நமக்குரியது. ஆனால், கூட்டத்தின் ஓரத்திலே, வண்டியை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கிறாரே ஒருவர், எப்பக்கமும் இன்னும் சாயாதவர், அவர் செவியில் நம் முழக்கம் எவ்விதம் விழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

"என் வீட்டுக் கஷ்டத்தை எனக்கே விளக்குகிறாரே இவர்!" என்றுதான் விழுகிறது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலை நினைவுகூருங்கள். அன்றைய சென்னை மாநிலத்திலே அரிசிப் பஞ்சம். விலையோ ஏழைக்கு எட்டாத உயரம். அத்துயரைப் பேசாத எதிர்க்கட்சியே இல்லை. அண்ணாவோ துயரை வருணித்ததோடு நின்றாரில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். மூன்று படி குறிக்கோள், ஒரு படி உறுதி என்ற விளக்கமும் உடன் வந்தது. அடுப்படியில் இருந்த தாய், விரல்விட்டே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடிந்தது!

விளைவு என்ன? 1962இல் நூற்றுக்கு 46 வாக்குகள் பெற்ற காங்கிரஸ், 1967இல் பெற்றது 41. நூற்றுக்கு ஐந்துதான் குறைவு, ஆட்சியே மாறிற்று! அரிசி ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். 1965ஆம் ஆண்டு மொழிக் கிளர்ச்சியின் தழும்பு ஆறாதிருந்தது. எதிர்க்கட்சிகளின் கூட்டணியும் வலுவாக இருந்தது. எனினும், சாயாதிருந்தவர் சாய்வதற்கு, கையால் தொட்டு அளக்கத்தக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைப் படி தந்தது.

வென்றபின், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கிற்று. பணமுடையால் மாநிலம் முழுதும் பரவவில்லை. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. கேட்பவர் மறந்திருக்கவும் மாட்டார்.

இன்றைய நிலை வேறு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. நாமோ இன்னும் பட்டினியையே பாடிக்கொண்டிருக்கிறோம்! ஓரத்தில் நிற்பவரின் இடர் இப்போது வீட்டு வாடகையில், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில், எரிவாயு உருளையின் விலையில், வாரந்தோறும் வாசலுக்கு வரும் குழுக்கடன் தவணையில் இருக்கிறது. "ஏழைகளே!" என்று விளித்துப் பாருங்கள், திரும்பமாட்டார்; அந்தப் பெயரை அவர் தமக்குச் சூட்டிக்கொள்வதில்லை. "வாடகையை ஏற்றிவிட்டாரா?" என்று கேளுங்கள்; உள்ளே சென்று நாற்காலி எடுத்து வருவார்.

அதன்பின் அவர் இரண்டு கேள்விகள் கேட்பார். "எப்போது செய்வீர்கள்? பணம் எங்கிருந்து வரும்?" நம்மீது பகைகொண்டு கேட்கும் கேள்விகள் அல்ல இவை, நம்பத் தயங்குபவரின் கேள்விகள். விடை அறிந்தால் சொல்லுங்கள். அறியாவிடில், "கேட்டு வந்து சொல்கிறேன், ஐயா" என்று கூறிவிட்டு, மறுநாள் மாலை தவறாமல் அதே வீட்டின் கதவைத் தட்டுங்கள்.