மாதவிலக்குப் பிரச்சனைக்கு வரும்போது மனதையும் சொல்லுங்கள்



உதிரப்போக்கு அதிகம், அடிவயிற்று வலி, கருப்பையில் கட்டி, குழந்தை தங்கவில்லை என்று கிளினிக்குக்கு வருகிறீர்கள். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கிறார். கூச்சப்பட்டாலும் சொல்லிவிடுகிறீர்கள். ஆனால் இரவில் தூக்கம் இல்லை, சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. "அதுக்கெல்லாமா இங்கே மருந்து?" என்று நினைத்துவிடுகிறீர்கள். இருக்கிறது, அம்மா.

விடியற்காலையில் பஸ் ஏறி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். உதிரப்போக்கு அதிகமான நாளில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? உடையில் கறை படுமோ, கழிவறை எங்கே, மறுபடியும் லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார்? மாதாமாதம் இப்படிப் பயந்து பயந்து, பிறகு மாதவிலக்கு இல்லாத நாளிலும் பயம் போகாமல் தங்கிவிடுகிறது. பதற்ற நோய் சிலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. "எல்லாருக்கும் வர்ற வலிதானே" என்று கேட்டுக் கேட்டே பல ஆண்டுகள் வலியோடு இருந்தவர்கள் சோர்ந்துபோவதில் வியப்பில்லை. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள் எல்லாரிடமும் மனச்சோர்வு, பதற்றம் பற்றிக் கேட்க வேண்டும் என்று 2023-இல் வெளிவந்த அனைத்துலக மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. ஆகவே டாக்டர் கேட்டால், "என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாரோ" என்று மனம் நோக வேண்டாம்.

நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வில், மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

இன்னொன்று. உதிரம் அதிகம் போனால் இரத்தசோகை வரும். அசதி, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை எல்லாம் அதனாலும் வரலாம். தைராய்டு கோளாறாலும் வரலாம். அதனால்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். (இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சரியாகச் சேராது.) ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பிறகு மனம் மாறியதுபோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது.

எப்படிச் சொல்வது? துணைக்குக் கணவரோ மாமியாரோ உள்ளே வந்து, உங்களுக்காக அவரே பேசினால் பாதி விஷயம் வெளியே வராது. "கொஞ்ச நேரம் தனியாகப் பேசணும்" என்று தாதியிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மலாய் சரளமாக வராதென்றால் "சூசா ஹாத்தி, தா போலே தீடோர்" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். அதுவும் வாய் வரவில்லையா, ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள்.

"சொன்னால் தம்போய்க்கு அனுப்பிவிடுவார்களோ?" ஜொகூரில் பெரியவர்கள் பலருக்கு இந்தப் பயம் உண்டு. பெர்மாய் மருத்துவமனை அங்கே இருப்பதால் ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டோம். நம் தவறு அது. பெரும்பாலோருக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே ஆலோசனையும் சிகிச்சையும் தொடங்கிவிடலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். நலமான பிறகும் டாக்டரைக் கேட்டே குறையுங்கள்.

இருந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். தற்கொலை முயற்சி 2023 முதல் நம் நாட்டில் குற்றமில்லை. போலீஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள்.