பூனைக்கு இடும் உணவு

வீட்டுக்கு வீடு பூனை உண்டு. பூனைக்கென உலை வைக்கும் வீடு அரிது. உண்டபின் எஞ்சிய சோறு, அதன்மேல் ஒரு கரண்டி பால், அல்லது மீன்தலையும் முள்ளும் ஒரு சிரட்டையில் இடப்பட்டு அடுப்படி வாசலில் வைக்கப்படும். எலி பிடித்துத் திரிந்த பூனைக்கு இதனாற் பெருங்குறை நேரவில்லை. எலியின் தசையும் ஈரலும் எலும்பும் வேண்டியவற்றை அளித்தன. அடைத்த வீட்டினுள்ளே எலியைக் காணாது வளரும் பூனையின் நிலை வேறு. அச்சிரட்டையில் இல்லாதது அதற்கு எங்கும் இல்லை.

நாய் சோற்றோடும் காய்கறியோடும் ஓரளவு ஒத்துப்போகும். பூனையோ பிறவியிலேயே மாமிச பட்சணி. கரட்டிலும் கீரையிலும் உள்ள சத்தை மனித உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அது இயலாது. இனிப்புச் சுவையும் அதன் நாவுக்குப் புலப்படுவதில்லை. இவற்றிலும் முக்கியமானது டோரின் என்னும் பொருள். 1827ஆம் ஆண்டில் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி இப்பெயர் வந்தது. பல பிராணிகள் இதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. பூனை ஆக்குவது மிகச் சொற்பம். பித்தநீரின் வழியே இழப்பதோ அதிகம். அக்குறையை மாமிசமும் மீனுமே நிரப்பவேண்டும்.

நிரப்பாவிடில் நேர்வது என்ன? பாலிலிருந்து பெறப்படும் கேசின் ஒன்றையே புரதமாக உண்ட பூனைகளின் விழித்திரை அழிவதற்கு டோரின் குறைவே காரணம் என்பதை 1975இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் வெளியிட்டனர். 1987இல், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மிருக வைத்தியர்கள் இன்னொன்றைக் கண்டனர். இருதயம் விரிந்து தளர்ந்துபோன பூனைகளின் குருதியிலும் டோரின் குறைந்திருந்தது. அவை மிச்சச் சோறு உண்டவையல்ல. கடையில் வாங்கிய பூனையுணவை உண்டவை. டோரினைக் கொடுத்ததும் இருதயம் மீண்டும் வலுப்பெற்றது. அதன்பின் உணவு தயாரிப்போர் டோரினைக் கூட்டிச் சேர்த்தனர், அந்நோயும் அருகிற்று. ஆனால் அழிந்த விழித்திரை மீளாது. பார்வை குன்றுவது வீட்டாருக்கு எளிதில் தெரிவதுமில்லை. பழகிய வீட்டில் பூனை மீசையாலும் செவியாலும் வழியறிந்து நடந்துவிடும்.

டோரின் நீரிற் கரைவது. மீனையோ கோழியையோ அவித்துவிட்டு நீரைக் கொட்டினால் அதுவும் உடன் போய்விடும்; ஆகையால் அந்நீரையும் உணவோடு சேர்த்தல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. எனவே மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, எவ்வளவு அன்போடு இட்டாலும், ஆகாது. பச்சை மீன் சிலவற்றில் விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது கெடும். ஈரலை நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் விற்றமின் ஏ அளவு மீறிக் கழுத்தெலும்புகள் இறுகிப்போகும். எலும்பில்லாத தசை மட்டும் உண்ணும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை; குடிக்கத் தண்ணீரே போதும்.

இத்தனையையும் வீட்டுச் சமையலாற் சரிக்கட்டுவது கடினம். பூனைக்கென நிறையுணவாகத் தயாரிக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு, அவித்த மீனை இடையிடையே சேர்ப்பதே நன்று. நாயுணவு அதற்கு ஈடாகாது. மாற்றத்தைச் சிறிது சிறிதாகவே செய்யவேண்டும். புதிய உணவை வெறுத்துச் சில நாட்கள் எதையும் தொடாத பூனையின் ஈரலிற் கொழுப்புப் படியத் தொடங்கும். பருத்த பூனைக்கு இவ்வபாயம் அதிகம். பசித்தால் தானே உண்ணும் என்று காத்திராமல், பழைய உணவையே திரும்ப வைத்துப் பார்க்கவேண்டும். அதையும் உண்ணாவிடில் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.