ஒரு மனையில் நான்கு அடுப்பு!

(புதுவைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நாற்பதடி அகலம், அறுபதடி நீளம், ஆக 2,400 சதுர அடி கொண்ட ஒரு மனையைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அந்த மனையில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஓர் அடுப்பு. அதே மனையில் நான்கு அடுப்பு எரியலாமா, கூடாதா? இதுதான் நம் முன் உள்ள வழக்கு.

"இதற்கு ஒரு மேடையா? இதற்கு ஓர் ஒலிபெருக்கியா? பொறியாளரின் கோப்பிலே உறங்கவேண்டிய சங்கதியைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவருகிறானே!" என்று எண்ணுவோர் இருக்கலாம். எண்ணட்டும்! ஆனால் ஊருக்குள்ளே ஒருவன் வாழ்வதா, ஊருக்கு வெளியே விரட்டப்படுவதா என்பதை முடிவு செய்வது எது? அந்தக் கோப்புதான்! கோப்பிலே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது; குடும்பம் ஒன்று ஊரை விட்டுக் கிளம்புகிறது. கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிளம்பும் குடும்பத்தின் கண்ணீரும் தெரிவதில்லை. ஆகவேதான் பேச வந்தேன்.

கோடு கிழித்த கை

புதுவையின் வீதிகள் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பது கண்டு வருவோரெல்லாம் வியக்கிறார்கள். நூல் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்லர். 1693 முதல் 1699 வரை இந்த ஊரைத் தம் பிடியில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த திட்டத்தின் சுவடும் அதிலே உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊர் மீண்டும் எழுந்தது. எழுந்த ஊரின் நடுவே பெரிய வாய்க்கால்! கடற்காற்று வீசும் கிழக்குப் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்குப் பக்கம் கறுப்பர் நகரம். தண்ணீர் ஓடுவதற்காகவா அந்த வாய்க்கால்? மனிதனையும் மனிதனையும் பிரித்துக் காட்டவும் அது பயன்பட்டது!

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் கோடு மறைந்ததா? இல்லை, தோழர்களே, பெருகிற்று! வைசியாள் வீதி, வெள்ளாள வீதி, செட்டித் தெரு என்று பெயர்ப்பலகையைப் படித்தாலே போதும். எந்தச் சாதிக்கு எந்தத் தெரு என்று ஒதுக்கிய காலம் கண்முன்னே நிற்கும்.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. கொடி இறங்கிற்று, வேறு கொடி ஏறிற்று. கோடு? நிறத்தால் கிழித்த கோடு அழிந்த இடத்திலே, பணத்தால் கிழிக்கும் கோடு வந்து குந்திக்கொண்டிருக்கிறது!

மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நான்கினுள் அடங்கியது பழைய நகரம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். அதை ஒட்டிய உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். பக்கத்து நகராட்சி தாய் நகரை மிஞ்சிவிட்டது! உள்ளே கதவடைத்தால் வெளியேதானே வீடு எழும்?

1936 ஜூலை 30-இல் இந்த மண்ணின் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அவர்கள் கேட்டது மனிதனுக்குரிய வேலை நேரம். அந்த ஆலைகளின் கதையும் 2020-இல் முடிந்தது. பாட்டன் கேட்டது வேலை நேரம். பேரன் கேட்பது, வேலை செய்யும் ஊரிலே தலைசாய்க்க ஒரு கூரை. இது பேராசையா?

ஒரு சிறு காட்சி

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு சிறு காட்சி. இடம்: பழைய நகரின் ஒரு வீதி. திண்ணையிலே பெரிய வீட்டுக்காரர். எதிரே, வாடகை வீடு தேடி அலையும் இளைஞன்.

"ஐயா, வீட்டைப் புதுப்பித்து நாலு குடித்தனம் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன்."

"நானா? கூடவே கூடாது என்று மனுக்கொடுத்திருக்கிறேன், தம்பி! எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்கிறார். நாலு குடித்தனம் வந்தால் தெருவின் களையே போய்விடும்."

"பக்கத்து வீட்டிலே யார் இருக்கிறார்கள் ஐயா?"

"அது இப்போது விடுதி. பத்து அறை. வெள்ளிக்கிழமை வருவார்கள்; ஞாயிற்றுக்கிழமை போவார்கள்."

"பத்து அறையிலே இருபது பேர் தங்கினால் போகாத களை, நாலு குடும்பம் வந்தால் போய்விடுமா ஐயா?"

"அவர்கள் வந்தால் போய்விடுவார்கள், தம்பி. நீங்கள் வந்தால் போகமாட்டீர்களே!"

திரை விழுகிறது, தோழர்களே! சூட்சுமம் அந்தக் கடைசி வாக்கியத்திலே இருக்கிறது. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழர் வீடு தங்கும் விடுதியாகலாம், உணவகமாகலாம், பூட்டிக் கிடந்து புறா அடையலாம். நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கு வீடாக மட்டும் ஆகக்கூடாது! இது பண்பாட்டைக் காக்கும் வாதமா, பணப்பெட்டியைக் காக்கும் வாதமா?

கணக்கு சொல்லும் கதை

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்கிறார்கள். குறியீடு ஒன்று என்றால் 2,400 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி கட்டலாம். பாதி மனையைத் திறந்தவெளியாக விட்டுவிடுங்கள். தரையில் 1,200, மாடியில் 1,200. படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் 400 கழியுங்கள். மீதி 2,000. ஐந்நூறு சதுர அடியில் நான்கு வீடு! தரையும் ஒரே ஒரு மாடியும்தான். கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்று நம் முன்னோர் கட்டிய வீடுகளுக்கும் அந்த உயரம் உண்டே! வானை முட்டும் கோபுரம் எங்கே வந்தது இதில்?

உயரம் தடையில்லை என்றால் தடை எது? வீதி இத்தனை அடி அகலம் வேண்டும் என்பது ஒன்று. பக்கத்திலே இத்தனை அடி விடு என்பது ஒன்று. கார் நிறுத்த இடம் காட்டு என்பது மற்றொன்று. காரே இல்லாதவன், கார் நிற்க இடமில்லாத காரணத்தால் வீடில்லாதவன் ஆகிறான்!

இதிலே இன்னொரு வேடிக்கை. ஒரு வீட்டுக்குள் நான்கு குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே கழிப்பறை வாசலில் வரிசை நின்று, ஒண்டுக்குடித்தனம் நடத்துவது எந்த ஊருக்கும் புதிதன்று. அதைக் கண்டும் காணாமல் இருக்கிறது விதி. தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, காற்று, வெளிச்சம் ஆகியவற்றோடு அதே நான்கு குடும்பம் முறையாக வாழ அனுமதி கேட்டால் மட்டும் விதிப்புத்தகம் விரிகிறது. ஒண்டி வாழ்ந்தால் ஒப்புதல். உரிமையோடு வாழ்ந்தால் மறுப்பு!

கடல் கடந்த பாடம்

இந்தச் சூழ்ச்சியின் முழு வடிவத்தைக் காண அமெரிக்கா செல்லவேண்டும். கறுப்பர் இந்தத் தெருவிலே வீடு வாங்கக்கூடாது என்று லூயிவில் நகரம் விதி செய்தது. 1917-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதை வெட்டி வீழ்த்திற்று. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டைச் சொல்லித் தடுத்தார்கள்! மனைக்கு ஒரு குடும்பம் என்ற விதி நகருக்கு நகர் பரவியது. 1926-இல் யூக்ளிட் என்னும் ஒஹையோ மாநிலத்து ஊரின் வழக்கிலே அதே உச்சநீதிமன்றம் இத்தகைய மண்டல விதிகளை ஏற்றுக்கொண்டது. தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணி என்று அந்தத் தீர்ப்பு வருணித்தது. கட்டடத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் கட்டடத்துக்குள்ளே இருப்பவன் யார்? தனி வீடு வாங்க வழியில்லாத உழைப்பாளி!

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அந்நாட்டுக்கே ஞானம் பிறந்தது. 2018-இல் மினியாபொலிஸ் நகர மன்றம், மனைக்கு மூன்று குடும்பம் வரை வாழலாம் என்று முடிவெடுத்தது. 2019-இல் ஒரிகன் மாநிலம், 25,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் நான்கு குடும்ப வீடு வரை இடம்கொடுக்கச் சட்டம் இயற்றியது. நான்கு! நாம் கேட்பதும் அந்த நான்குதான்.

மறுப்புக்கு மறுமொழி

எதிர்த்தரப்பார் உடனே சண்டிகரைக் காட்டுவார்கள். காட்டட்டும், நாமும் பார்ப்போம். அதுவும் நம்மைப்போல் ஒன்றிய ஆட்சிப் பகுதி. பிரான்சில் வாழ்ந்த லெ கொர்பூசியே வகுத்த நகரம். ஐந்து இலட்சம் மக்களுக்கென்று திட்டமிட்டார்கள். 2011-இல் 10,55,450 பேர் வாழ்ந்தார்கள். தனி வீட்டை மாடி மாடியாகப் பிரித்து விற்கும் வழக்கம் வளர்ந்தது. அதற்கு இடமளித்த 2001-ஆம் ஆண்டு விதிகளை 2007-இல் நீக்கிய பிறகும் விற்பனை வேறு வடிவிலே தொடர்ந்தது. 2023 ஜனவரி 10-இல் உச்சநீதிமன்றம், பழைய முதற்கட்டப் பகுதியில் அப்படிப் பிரிப்பதைத் தடுத்தது. மரபுடைமையைக் காரணம் காட்டிற்று. நகர வளர்ச்சிக்கு அனுமதி தருமுன் சுற்றுச்சூழல் தாக்கத்தை ஆராய வழிசெய்யுங்கள் என்றும் வேண்டிற்று.

இந்தத் தீர்ப்பிலே நமக்குப் பாடம் உண்டு, தோழர்களே. கொல்லைப்புற வழியாக, குழாயும் சாக்கடையும் அகலப்படுத்தாமல், தனித்தனி விற்பனையாக நடக்கும் மாற்றம் நிலைக்காது. முன்வாசல் வழியாக, மக்கள் முன்னிலையில், திட்டத்தில் எழுதி நடப்பதே நிலைக்கும். ஆகவே நம் கோரிக்கையோடு நம் நிபந்தனைகளும் உண்டு.

முதலாவது, முகப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் ஒரு செங்கல்லையும் தொடச் சொல்லவில்லை நாம். வைசியாள் வீதியில் பழைய முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த வழி இருக்கிறது. வீதியைப் பார்க்கும் திண்ணையும் தூணும் நிற்கட்டும். உட்புறம் நான்கு குடும்பத்துக்கு ஏற்ப மாறட்டும். ஆள் வாழும் வீடுதான் நிற்கும். பூட்டிய வீடு மழைக்கு இடிந்து விழும்.

இரண்டாவது, தண்ணீர். நம்முடையது கடலோர ஊர். நிலத்தடி நீரில் உப்பேறும் ஊர். மழைநீர்ச் சேமிப்பும் சாக்கடைக் குழாயும் அமைந்த வீதிகளில் முதலில் இடம் கொடுங்கள். அமையாத வீதிகளில் அவற்றை முதலில் அமையுங்கள்.

மூன்றாவது, ஆதாயம். ஒரு கையெழுத்தால் மனையின் விலை ஏறுகிறது. அந்த உயர்வு உழைப்பால் வந்ததா? ஊர் கொடுத்த உரிமையால் வந்தது! ஆகவே ஊருக்கும் அதில் பங்குண்டு. வியன்னா நகரம் 1923-இல் வீட்டு வரி விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடியிருப்புகளை எழுப்பியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் மட்டும் 1,382 வீடுகள். நாம் கேட்பது அவ்வளவன்று: கூடுதல் அடுப்புகளில் ஒன்று, குறைந்த வருவாயினருக்கு எளிய வாடகையில் எரியட்டும்.

நான்காவது, இப்போது குடியிருப்பவன். கட்டடம் எழும்போது வெளியேறும் வாடகைக்காரன், எழுந்தபின் திரும்பிவர எழுத்தில் உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாத மாற்றம், ஏழையை வெளியேற்ற இன்னொரு பெயர்!

இவையெல்லாம் வேண்டாம், ஊருக்கு வெளியே மலிவாக வீடு கட்டிக் கொடுத்துவிடலாம் என்பார்கள். சென்னையைப் பாருங்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. நகருக்குள்ளேயே மாடி வீடுகள் எழுந்தன. பின்னர், 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், அதன்பின் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. வீடு கிடைத்தது, வேலை எங்கோ போயிற்று. பள்ளி எங்கோ, பேருந்து எங்கோ! சுவரும் கூரையும் மட்டும் வீடாகிவிடாது. பிழைப்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது வீடு.

நம் வீட்டுத் திண்ணையிலிருந்து

இனி, கசப்பான ஒன்று. இந்த மாற்றத்தை எதிர்ப்போர் எல்லாரும் சீமான்கள் அல்லர். நம் கூட்டத்தில் கைதட்டுவோரிலும் சிலர் இருப்பர். "வாடகைக்காரன் வந்தால் தெரு கெடும்" என்று நம் தோழர் ஒருவரே நாளை சொல்லக்கூடும். அவரிடம் கோபம் வேண்டாம். இந்த ஊரின் கதையை நினைவூட்டுங்கள்.

1908-இல் ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பி ஒருவன் இந்த ஊருக்கு வந்தான். கையில் காசில்லை. வாடகை வீட்டிலே வாழ்ந்தான். பத்தாண்டுகள்! அவன் பெயர் பாரதி. அந்த வாடகைக்காரன் வந்ததால் ஈசுவரன் தருமராசா கோயில் தெரு கெட்டதா? பெற்ற பேறு கொஞ்சமா? அவன் பால் ஈர்க்கப்பட்ட இந்த ஊர் இளைஞர் ஒருவர் தம் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டாரே! குடக்கூலிக்கு வந்தவன் கொடுத்த புகழைத்தான், சொந்த வீட்டுக்காரர்கள் இன்று சுற்றுலா வருவோர்க்குக் காட்டுகிறார்கள்.

தோழர்களே! 1969-ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டம் நமக்கு உண்டு. 2012-ஆம் ஆண்டு கட்டட விதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும் உண்டு. திட்டத்தை மாற்றும்போது மக்களின் ஆட்சேபனையையும் ஆலோசனையையும் கேட்பது முறை. கேட்கும் நாளில் அங்கே வந்து நிற்பவர் யார்? பெரிய வீட்டுக்காரரும் அவருடைய வழக்கறிஞரும்! வாடகைக்காரன் அன்று வேலைக்குப் போயிருப்பான். அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அதிலே போய் நீ உட்கார வேண்டும்!

வட்டந்தோறும் வீதிகளைப் பாருங்கள். பூட்டிய வீடு எத்தனை, விடுதியான வீடு எத்தனை, ஒண்டுக்குடித்தனம் எத்தனை என்று எழுதுங்கள். மனுவாக்குங்கள். நகர அமைப்புக் குழுமத்தின் வாசலுக்குக் கொண்டு செல்லுங்கள். வாய்க்காலின் இரு கரையிலும் நம் பிள்ளைகள் வாழ வேண்டும். விருந்தாளியாக அன்று, குடியானவராக! ஒரு மனையில் நான்கு அடுப்பு எரியட்டும். அந்தப் பணிக்கு உங்களை அழைக்கிறேன்.