பனிக்காலத்தில் பனிஹால் சாலை
(லாரி ஓட்டுநர்கள் கூட்டத்தில் பேசியது)



நாமக்கல் வழியாகப் போகிறதே 44ஆம் எண் சாலை, அது கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. ஜம்முவைத் தாண்டியதும் அது மலைச் சாலை ஆகிவிடும். ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவே ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறுபக்கம் ஆழத்தில் ஆறு. இப்போது சில இடங்களில் சுரங்கமும் மேம்பாலமும் வந்துவிட்டன. இருந்தாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே கவனம் வேண்டும்.

குவிந்து கிடக்கும் பனி வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும். தெரியாத பனிக்கட்டிதான் ஆபத்து. பகலில் பனி உருகும். தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடும். இரவில் அது கண்ணாடி போல உறைந்துவிடும். பார்த்தால் ரோடு நனைந்திருப்பது போலத்தான் இருக்கும். வெயில் படாத வளைவில் இதை எதிர்பாருங்கள். பாலத்தின் மேலும் எதிர்பாருங்கள். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று வீசும். அதனால் அது முதலில் உறையும்.

பனிஹால் சுரங்கப் பாதை 2021இல் திறக்கப்பட்டது. சுமார் எட்டரை கிலோமீட்டர் நீளம். இந்த முனையில் வெயில் அடிக்கும் நேரத்தில் அந்த முனையில் பனி கொட்டலாம். வெளியே வரும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பனிக்கட்டி மேல் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். வண்டி நிற்காது. சறுக்கிக்கொண்டே போகும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். என்ன பெரிய மிச்சம்? பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். டிரம் கொதிக்கும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது.

மழை பெய்தால் மேலேயிருந்து கல் உருளும். போலீசார் சாலையை மூடுவார்கள். முதலாளி போனில், "ஆப்பிள் அழுகுதப்பா, கிளம்பு" என்பார். "சாலை மூடியிருக்கு, திறந்ததும் வர்றேன்" என்று சொல்லுங்கள். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

இரவு கேபினில் தூங்கும்போது குளிர் தாங்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அடுப்பு வைக்காதீர்கள். கரி அடுப்பும் வேண்டாம், ஸ்டவ்வும் வேண்டாம். மூடிய இடத்தில் நெருப்பு எரிந்தால் ஒரு நச்சுவாயு வரும். அதற்கு வாசனை இல்லை. நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கிளீனர் பையனுக்கும் இதைச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு கம்பளி எடுத்துப் போங்கள்.

குளிரில் டீசல் கெட்டியாகி வண்டி கிளம்பாமல் போகலாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது கூடவே கூடாது. வெயில் ஏறட்டும், காத்திருங்கள்.

பிரேக்குக்கான காற்று டேங்கில் தண்ணீர் தேங்கும். அதை மாலையிலேயே திறந்து விடுங்கள். உறைந்துவிட்டால் காலையில் பிரேக் சரியாக வேலை செய்யாது.