கண்ணில் சதை: எடுத்த பிறகு மீண்டும் வராமல் இருக்க





நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு ஹார்ட்வேர் வியாபாரம் செய்கிறவன். கண்ணில் வளரும் சதையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் என் அத்தா. அவர்களுக்கு அந்தச் சதையை இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் தடவை போன இடத்தில் வெட்டினார்கள், கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது மாதம் முன்பைவிடத் தடிப்பாகத் திரும்பி வந்தது.

டாக்டர்கள் இதை டெரிஜியம் என்கிறார்கள். வெள்ளை விழியின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வு, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து, முக்கோணமாகக் கருவிழிமேல் ஏறி வருவது. இது புற்றுநோய் அல்ல. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 37 பாகைக்குள் உள்ள ஊர்களில்தான் இது அதிகம் என்று கேமரன் என்ற மருத்துவர் 1965-இல் எழுதினார். நம் பினாங்கு இருப்பது 5 பாகையில். படகில் போகிறவர்கள், வெயிலில் கடை போடுகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் சரக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம்.

சிறியதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் வெட்டவே வேண்டாம். கண்மணியை நோக்கி நகர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ, ஓயாமல் சிவந்து உறுத்தினாலோதான் ஆபரேஷன். அழகுக்காக அவசரப்படாதீர்கள் என்பது என் கருத்து.

வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டிய இடத்தை மூடாமல் விட்டால் பக்கத்துச் சதை ஓடி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காக்கி லீமாவில் ஓரிடம் காலியானால் மறுநாளே யாராவது சாமான் பரப்புவதில்லையா, அது மாதிரி! சிங்கப்பூரில் டாக்டர் டொனால்ட் டான் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தடவை சதை வந்த கண்களில் வெட்டி அப்படியே விட்டவற்றில் 61 சதவீதம் திரும்ப வந்தது. அதே கண்ணில் மேல் இமை மறைக்கும் இடத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டியவற்றில் 2 சதவீதம்தான். அத்தாவுக்கு இரண்டாம் தடவை செய்தது இந்த ஒட்டுமுறைதான். இன்றுவரை திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஒட்டுவதற்குத் தையலும் உண்டு, ஃபைப்ரின் பசையும் உண்டு. பசையில் உறுத்தல் குறைவு, செலவு கூட. மைட்டோமைசின் என்ற மருந்தையும் சிலருக்கு வைப்பார்கள். அது சதை வளர்வதைத் தடுக்கும், ஆனால் வெள்ளை விழியையே அரித்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "டாக்டர், வெட்டிய இடத்தை எதைக் கொண்டு மூடுவீர்கள்?" வயது குறைந்தவர்களும், சதை தடிப்பாக உள்ளவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்குத்தான் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் ஆட்கள் சொட்டு மருந்தைப் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். வாரக்கணக்கில் விடச் சொல்வது வீக்கத்தை அடக்க. வீக்கம் நின்றால்தான் சதை அடங்கும். அதே மருந்தை மிச்சம் வைத்து, பிறகு கண் சிவக்கும்போதெல்லாம் தாமாக விட்டுக்கொள்வதும் ஆகாது. ஸ்டீராய்டு கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். தவணைக்குத் தவறாமல் போங்கள். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்தான்.

ஒளுச் செய்யும்போது கண்ணில் தண்ணீர் படலாமா, சுஜூதில் குனியலாமா என்று பலர் கேட்கிறார்கள். எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை எப்படித் தொழுவது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

கண்ணாடி விஷயத்தில் ஒன்று. ஆஸ்திரேலியாவின் டாக்டர் கொரோனியோ காட்டியபடி, பக்கவாட்டில் விழும் வெயிலைக் கருவிழி ஒரு லென்ஸ் போலக் குவித்து மூக்கோரத்தில் பாய்ச்சுகிறது. அதனால் முன்னால் மட்டும் மறைக்கும் கண்ணாடி போதாது. காதோரம் வரை வளைந்த, புற ஊதாக்கதிரைத் தடுப்பதாக எழுதிய கண்ணாடி வாங்குங்கள். விளிம்புள்ள தொப்பியும் போடுங்கள். கறுப்பாக இருந்தால் போதும் என்று பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்காதீர்கள். நானும் வியாபாரிதான், சொல்கிறேன்.