பிலிப்பைன்ஸ் சிறுகதைகளில் இறந்தோரும் இருப்போரும்



மணிலா என்னும் பெயர் தமிழர் காதுக்குப் புதிதன்று. ஆர்க்காட்டுப் பகுதி உழவர்கள் நிலக்கடலையை மணிலா என்றே அழைப்பர். ஆனால் அப்பெயருக்குரிய நகரத்தையும், அதனைத் தலைநகராகக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டின் இலக்கியத்தையும் நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியிலும், 1898-க்குப் பின் அமெரிக்க ஆட்சியிலும் இருந்து, 1946-இல் விடுதலை பெற்ற நாடு அது. அமெரிக்கர் பள்ளிகளில் கற்பித்த ஆங்கிலத்தைக் கொண்டே அந்நாட்டார் அரிய சிறுகதைகளைப் படைத்தனர். அக்கதைகளில் மரணமும் நினைவும் மறுமையும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் அம்மக்களின் வழக்கத்தை அறிதல் வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் 'உந்தாஸ்' என்னும் நீத்தார் நாள் வருகிறது. அன்று குடும்பம் குடும்பமாக இடுகாட்டிற்குச் செல்வர். கல்லறைகளைத் தூய்மை செய்து, மெழுகுவத்தி ஏற்றி, உண்டும் உரையாடியும் அங்கேயே பொழுதைக் கழிப்பர். இது கத்தோலிக்க சமயத்தோடு வந்த நாள். எனினும் மறுமை பற்றிய எண்ணம் அங்கே அதனினும் பழைமையானது. பலாவன் தீவின் குகையொன்றில் 1964-இல் மண்தாழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இறந்தோர் எலும்பை இட்டு வைப்பதற்கான தாழி அது. அதன் மூடியின்மேல் ஒரு படகும், அதில் இருவரும் காணப்படுகின்றனர். ஒருவர் துடுப்பைச் செலுத்துகிறார். மற்றவர் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து அமர்ந்திருக்கிறார். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்னரே, இறப்பு என்பது கடல் கடந்து செல்லும் பயணம் என்று அத்தீவினர் கருதினர் போலும்.

ஆனால் சிறுகதை ஆசிரியர்கள் அப்படகு சென்று சேரும் கரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. புறப்பட்ட கரையில் நின்றுவிட்டோரைப் பற்றியே பேசினர். மாண்டவரை வைத்துக்கொண்டு வாழ்பவர் என்ன செய்கிறார் என்பதே அவர்களுடைய வினா.

பாஸ் மார்கெஸ் பெனிதெஸ் என்னும் பெண்மணி 1925-இல் எழுதிய 'இறந்த விண்மீன்கள்' என்ற கதை, அந்நாட்டு நவீன ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கமாகப் போற்றப்படுவது. மணம் உறுதியான ஒருவன் மற்றொருத்தியின்பால் உள்ளம் இழக்கிறான். கடமை கருதி முன்னவளையே மணக்கிறான். பல்லாண்டுகளுக்குப் பின் மற்றவளைக் காணும்போது, தான் இத்தனை காலம் போற்றிய ஒளி என்றோ அணைந்துபோன விண்மீனின் ஒளி என்று உணர்கிறான். இங்கே உயிர் நீத்தவர் எவருமில்லை. மாண்டது அன்பு ஒன்றே. நினைவு நம்மை ஏமாற்றவும் கூடும் என்ற எச்சரிக்கை முதற்கதையிலேயே ஒலித்துவிடுகிறது.

நிக் ஹோவாக்கின் எழுதிய 'மே தின முன்னிரவு' இதனினும் ஆழமானது. 1847-ஆம் ஆண்டு, மே முதல் நாளுக்கு முந்தைய இரவு. நள்ளிரவில் மெழுகுவத்தியுடன் கண்ணாடிமுன் நின்றால் வருங்காலக் கணவன் முகம் தெரியும் என்பது நம்பிக்கை. அகேதா என்னும் துணிச்சலான பெண் அவ்வாறு நிற்கிறாள். பதோய் என்னும் இளைஞன் அங்கே வருகிறான். பூசலில் தொடங்கிய உறவு திருமணத்தில் முடிகிறது. இல்வாழ்க்கையோ கசந்துபோகிறது. அன்று கண்ணாடியில் கண்டது பிசாசை என்று அகேதா மகளிடம் சொல்லி வைக்கிறாள். 1890-இல், கிழவராகிவிட்ட பதோய், அதே கண்ணாடிமுன் நிற்கும் பேரனிடம், தாம் கண்டது ஒரு சூனியக்காரியை என்கிறார். பாட்டி கண்ட பிசாசைப் பற்றிப் பேரன் கூறியதும் கிழவர் திடுக்கிடுகிறார். அகேதா இறந்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவர் நெஞ்சில் தைக்கிறது. அந்த முதல் இரவில் அவள் எத்துணை அழகாக இருந்தாள் என்பதை எண்ணி அழுகிறார். பேரனுக்குக் கிடைத்தவை பிசாசும் சூனியக்காரியும் மட்டுமே. அவ்விருவரும் ஒருவரையொருவர் நேசித்த இரவு எவராலும் சொல்லப்படவில்லை. இறந்தவருக்கு நாம் இழைக்கும் அநீதி, மறத்தல் மட்டுமன்று. பாதியை மட்டும் நினைத்தலுமாகும்.

சியோனில் ஹோசே எழுதிய 'கடவுளைத் திருடியவன்' கதை வட லூசோன் மலைநாட்டில் நிகழ்கிறது. மலைச்சரிவில் படிப்படியாக நெல்வயல் அமைத்த இஃபுகாவோ மக்கள் வாழுமிடம் அது. பிலிப் என்னும் அம்மலைவாசி நகரத்தானாகிவிட்டவன். தன் அமெரிக்க நண்பனுடன் ஊருக்கு வருகிறான். நண்பன் அம்மக்களின் தெய்வப் படிமம் ஒன்றை விரும்புகிறான், விற்பார் எவருமில்லை. நன்றிக்கடன் தீர்ப்பதாக எண்ணி, பிலிப் தன் பாட்டனாரின் படிமத்தையே திருடிக் கொடுக்கிறான். அது காணாமற்போனதை அறிந்த பாட்டனார் இறந்துபடுகிறார். இறுதியில் நண்பன் தேடி வந்து பார்க்கும்போது, பிலிப் முன்னோர் உடை தரித்து அமர்ந்து, புதியதொரு படிமத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். போன உயிர் மீளாது. ஆயினும் உளியைக் கையிலெடுப்பதன்றி வேறு பரிகாரம் அவனுக்குத் தெரியவில்லை.

பியன்வெனிதோ சாந்தோஸ் எழுதிய 'நடனக் கலைஞர் வந்த நாள்', ஊர் விட்டு வந்த நம்மை நேரே தொடும் கதை. சிக்காகோ நகரில் முதுமை எய்திய இரு பிலிப்பினோ நண்பர்கள். ஒருவர் தீரா நோயில் படுத்திருக்கிறார். தாய்நாட்டிலிருந்து இளம் நடனக் கலைஞர் வருகின்றனர் என்றறிந்து மற்றவர் மகிழ்கிறார். அவர்களை வீட்டிற்கு அழைத்து விருந்தளிக்க விழைகிறார். அவர்களோ அவரைப் பொருட்படுத்தவில்லை. எனவே நிகழ்ச்சியின் இசையையும் காலடி ஓசையையும் ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து வருகிறார். இரவில் அதைக் கேட்கையில், கை தவறி வேறொரு விசையை அழுத்திவிட, பதிவு முழுவதும் அழிந்துவிடுகிறது. நண்பர் ஒருபுறம் மரணத்தின் வாயிலில். கேட்டு வந்த தாயகம் மறுபுறம் மௌனத்தில்.

நேயர்களே, இக்கதையை நாம் எளிதில் படித்துக் கடக்க இயலவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலர், செய்தி கேட்டு இரயிலேறி ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதைக் கண்டவர்கள். நம் தாயார் மறைந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. திரும்பி வந்து, அவர் குரலைக் கைப்பேசியில் தேடினோம். பழைய கருவியை மாற்றியபோதே அது போய்விட்டிருந்தது. "சாப்பிட்டாயா?" என்று அவர் கேட்கும் தொனியை நம் மக்களுக்குச் சொல்லிக்காட்ட முயன்றோம். சரியாக வரவில்லை. ஆயினும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். பாட்டி சினந்தால் எப்படிப் பேசுவார் என்றும் கேட்டனர். அதையும் சொன்னோம்.

கருவி காக்கத் தவறியதை நாக்கு ஓரளவேனும் காக்கிறது. தாழியில் கண்ட படகு எக்கரை சேர்ந்தது என்பதை நாம் அறியோம். இக்கரையில் நமக்குள்ள கடமை தெளிவானது: மறைந்தவரைப் பிசாசாகவும் ஆக்காமல், தெய்வமாகவும் ஆக்காமல், வாழ்ந்தபடியே அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைத்தல். இன்றிரவு உணவின்போது ஒருவரைப் பற்றியேனும் சொல்லுங்கள்.